எட்டு ஆகாத வீட்டில் எட்டு பிளை டயர்

எங்கள் வண்டிக்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தவன் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். எங்கள் வண்டிக்கு மட்டும் இல்லை, ஊரில் ஓடும் அந்த மாதிரிச் சின்ன லோடு வேன் எல்லாவற்றுக்கும் அதுதான் செல்லப் பெயர். ஆர்.சி. கணக்குப்படி முக்கால் டன் ஏற்றலாம். அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? யானை என்று சொல்லியாகிவிட்டது, யானைக்கு எதற்குத் தராசு என்று ஊரே சேர்ந்து ஏற்றுகிறது. குட்டி ஆடு என்று பெயர் வைத்திருந்தால் பாதி டயர்கள் பிழைத்திருக்கும்.

நாங்கள் திருவண்ணாமலையில் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்கள். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டா, அடுப்பு, நாற்காலி எங்கள் கடையிலிருந்து போகும். பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானம் போடுகிறவர்களும் எங்களிடம்தான் வருவார்கள். கடையைப் பார்ப்பது நான். வண்டி ஓட்டுவது என் வீட்டுக்காரர். எந்த அண்டா என்ன கனம் என்று என் இடுப்புக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டியரிங்கும் எண் கணிதமும்தான்.

அந்த எண் கணிதத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அவருக்கு ராசியான எண் ஆறு. வண்டி நம்பரைக் கூட்டினால் ஆறு வரும், செல்போன் நம்பரைக் கூட்டினால் ஆறு வரும், வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதைக்கூட ஆறு வரும் தேதிக்குத் தள்ளிவைப்பார். அடுப்பு அணைந்துபோய் நான் வெறும் அரிசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. எட்டு என்றால் மட்டும் ஆகவே ஆகாது. எட்டு சனியின் எண். எட்டாம் தேதி, பதினேழாம் தேதி, இருபத்தாறாம் தேதி எதையும் தொடங்கமாட்டார். அந்த நாட்களில் சண்டையை மட்டும் தாராளமாகத் தொடங்குவார்.

நானே அந்த வீட்டுக்குள் எட்டாகத்தான் வந்தேன். பெண் பார்த்துவிட்டுப் போனபிறகு என் பெயரை இங்கிலீஷில் எழுதி என் மாமியார் யாரிடமோ கூட்டிப் பார்த்திருக்கிறார். எட்டு வந்துவிட்டது. பெண் வேண்டாம் என்று சொல்லியனுப்ப இருந்தார்கள். அப்புறம் என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் பின்தெருவில் இருக்கும் எண் ஜோசியரைப் பார்க்கப் போனார், பெயரில் ஓர் எச் சேர்த்தால் ஆறாகிவிடும் என்று எழுதிய ரோஸ் காகிதத்தோடு வந்தார். வீடு சமாதானமானது. கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் அந்த எச்சோடு மூச்சிறைத்துக்கொண்டு நின்றது. இன்றைக்கும் ஆதாரில் ஒரு பெயர், பேங்கில் ஒரு பெயர். ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அந்த எச்சுக்கு விளக்கம் சொல்லியே என் தொண்டை வற்றிப்போயிற்று.

இப்போது டயருக்கு வருகிறேன். வண்டியைப் பழையதாகத்தான் வாங்கினோம். முன்பு வைத்திருந்த புண்ணியவான் அதற்குக் காரில் போடும் டயர்களை மாட்டி வைத்திருந்தார். சக்கர வளையம் அதே அளவுதான், கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. மெத்து மெத்தென்று போகிறது பார் என்று என் வீட்டுக்காரர் புளகாங்கிதம் அடைந்தார். லோடு ஏற்றினால் பின்பக்க டயர் இரண்டும் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். இது என்னங்க இப்படிப் பிதுங்குகிறது என்று கேட்டேன். ரேடியல் டயர் அப்படித்தான் இருக்கும் என்றார். டீக்கடையில் நின்ற ரெண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் டயரைப் பற்றித் தெரியாது என்று சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

கீழ்பென்னாத்தூர் கல்யாணம் ஒன்றுக்குப் பாத்திரங்களை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்பும்போது, பாரம் சுமந்து சுமந்து நைந்துபோயிருந்த பின்பக்க டயர் வெடித்தது. வண்டி சாலையை விட்டு இறங்கி வேர்க்கடலைக் காட்டுக்குள் போய் நின்றது. அவர் நெற்றியில் தையலோடு வீட்டுக்கு வந்தார். அண்ணாமலையார் காப்பாற்றினார் என்றார். சரி, அவர் காப்பாற்றட்டும், அது அவர் வேலை. அடுத்து இவர் சொன்னதுதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

"இன்னிக்கித் தேதி பதினேழு. கூட்டிப் பாரு, எட்டு. நான் கெளம்பி இருக்கவே கூடாது."

டயரைச் சொல்லவில்லை. தேதியைச் சொல்கிறார். ஏற்றிக்கொண்டு போகும்போது வெடித்திருந்தால் பின்னாலிருந்த அத்தனை அண்டாவும் அடுப்பும் அவர் முதுகில் வந்து விழுந்திருக்கும். அவர் பேசிக்கொண்டே போகிறார், எனக்குக் கண்ணுக்குள் அதுதான் ஓடுகிறது. நான் பயந்துபோனேன். வெளியில் காட்டிக்கொள்ளாமல் கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் குரல்தான் முதலில் வரும்.

மறுநாள் வெடித்த டயரைக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்து படித்தேன். பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 74 என்று ஓர் எண் இருந்தது. வண்டிக் கதவோரம் ஒட்டியிருந்த தாளை அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், இந்த வண்டிக்கு எட்டு பிளை டயர், எண் 86 என்று போட்டிருந்தது. இத்தனை நாள் அந்தக் கதவைத் திறந்து மூடியவருக்கு அது கண்ணில் படவில்லை. அதற்கு நாலு விரல் மேலேதான் அவர் சாமி படத்தை ஒட்டி வைத்திருந்தார்.

நான் கூடவே வருவேன் என்று சொல்லிவிட்டு டயர் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்த ஊரில் சக்கரம் விற்கிறது. பேச்சு தேனாக இருக்கும். அவர் வாயிலிருந்து இல்லை என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. ஆறு பிளை ஒன்றும் எட்டு பிளை ஒன்றும் உருட்டிக்கொண்டு வந்து போட்டார். எது நல்லது என்றேன். ஆறும் நன்றாக ஓடும், எட்டும் நன்றாக ஓடும் என்றார். சரிதான், எங்கள் வார்டு கவுன்சிலருக்கு நிற்கலாம் இவர்.

நான் என் படிப்பைக் காட்டினேன். இதில் 86 என்று இருக்கிறதே, ஒரு டயர் எண்ணூற்று அறுபது கிலோ தாங்கும், நாலு டயருக்கு மூன்றரை டன் தாராளம்தானே என்றேன். பாய் சிரித்துவிட்டார். அது கிலோ இல்லையாம், ஒரு குறியாம். 86 என்றால் ஒரு டயர் ஐந்நூற்று முப்பது கிலோ தாங்கும். ஆறு பிளையில் இருந்த 80 என்றால் நானூற்று ஐம்பது. வெடித்த கார் டயரின் 74 வெறும் முந்நூற்று எழுபத்தைந்து. பிளை என்பதும் இப்போது உண்மையான அடுக்கு இல்லையாம். அந்தக் காலத்தில் எட்டு அடுக்குத் துணி வைத்த டயருக்கு இருந்த பலம் இதற்கு உண்டு என்று அர்த்தமாம். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் கணக்கு பிடிபட்டது. முழு லோடு ஏற்றினால் வண்டியின் பின்பாரம் ஒரு டன்னை ஒட்டி வரும். அதை இரண்டு டயர் சுமக்க வேண்டும். கார் டயர் இரண்டு சேர்ந்தால் முக்கால் டன். ஆறு பிளை இரண்டு சேர்ந்தாலும் தொள்ளாயிரம்தான். எட்டு பிளை மட்டும்தான் ஒரு டன்னைத் தாண்டுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. அவர் எட்டு பிளை டயரைத் தொடக்கூட இல்லை. இரண்டடி தள்ளி நின்றார்.

"எட்டுன்னா சனி. சனியை நாலு சக்கரத்துலயும் மாட்டிக்கினு ஊர் சுத்தச் சொல்றியா?"

பாய் உடனே அந்தப் பக்கம் சாய்ந்தார். "அவருக்கு மனசு ஒப்பலைன்னா ஆறே போட்டுடலாம்மா. காத்து கொஞ்சம் ஜாஸ்தி வச்சிக்கினா போதும்."

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். காற்றை ஜாஸ்தியாக வைத்தால் டயருக்குப் பலம் வந்துவிடுமா? வயிறு முட்டச் சோறு தின்றால் என் வீட்டுக்காரர் பயில்வான் ஆகிவிடுவாரா? எவ்வளவு தாங்கும் என்பதை டயரிலேயே அச்சடித்து வைத்திருக்கிறான். நெற்றித் தையல் இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் இவர் சனிக்குப் பயந்து நானூற்று ஐம்பதில் போய் உட்காரப் பார்க்கிறார். பாரத்தைச் சொன்னேன், பின்பாரத்தைச் சொன்னேன், கடலைக்காட்டைச் சொன்னேன். அவர் கடையின் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்லில் முட்டிக்கொள்வது இதைவிடச் சுலபம்.

கடைசியில் நான் தரையில் குந்தி உட்கார்ந்தேன். ஆறு பிளை டயரைத் திருப்பி, அந்த எண் மேல் விரலை வைத்தேன்.

"இது எவ்ளோன்னு படிங்க."

"எம்பது."

"கூட்டுங்க."

அவர் உதடு அசைந்தது. எட்டும் சைபரும். இன்னொரு தடவை கூட்டினார். எத்தனை தடவை கூட்டினாலும் அது எட்டுதான். நல்ல மனுஷர், முகமே செத்துப்போயிற்று. ராசியான ஆறு பிளைக்குள் சனி காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார்.

நான் விட்ட இடத்திலிருந்து பாய் பிடித்துக்கொண்டார். அவர் எட்டு பிளை டயரைத் தட்டி, எண்பத்தாறு, கூட்டினால் பதினாலு, மறுபடி கூட்டினால் ஐந்து, ஐந்து புதன், யாவாரத்துக்கு ரொம்ப விசேஷம் என்று கடகடவென்று ஒப்பித்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். எண் பார்க்காமல் டயர் வாங்கும் ஆள் இந்த ஊரில் கம்மி, நாங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன். கிலோவுக்கு மசியாத மனுஷர் புதனுக்கு மசிந்தார். ஆனாலும் டயரில் 8PR என்று வேறு போட்டிருக்கிறதே, அதை என்ன செய்வது என்று இழுத்தார். அதன் மேல் சந்தனம் வைத்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பாய் வழி சொன்னார்.

அப்படியே நடந்தது. ராஜகோபுரத்துக்கு எதிரில் வண்டிக்குப் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கி, நாலு டயரிலும் அந்த எட்டின் மேல் மட்டும் குறிபார்த்துச் சந்தனம் அப்பினார், நடுவில் குங்குமம் வைத்தார். பூஜை செய்த ஐயர் சக்கரத்தின் நடுவில்தானே பொட்டு வைப்பார்கள் என்று கேட்டார். எங்க வண்டிக்கு அங்கதான் என்றார் இவர். வெள்ளிக்கிழமை தோறும் தேய்ந்த சந்தனத்தைப் புதுப்பித்தார். காற்று பார்த்தாரா என்றால் அது இல்லை. அதை நான் பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். டயர் மாட்டிக் கொஞ்ச நாளில் மனுஷர் மாறிப்போனார். லோடு ஏற்றினாலும் டயர் பிதுங்கவில்லை, வண்டி ஆடவில்லை. அவருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் நின்று, நம்ம வண்டி எட்டு பிளை, எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும் என்று பேச ஆரம்பித்தார். அந்த டயரைத் தொடப் பயந்த அதே ஆள். சிநேகிதருக்குச் செங்கல் ஏற்றினார், யார் வீட்டுக்கோ ஜல்லி ஏற்றினார். டயர் தாங்கினால் போதுமா, ஸ்பிரிங் பட்டை தாங்க வேண்டாமா, பிரேக் பிடிக்க வேண்டாமா, டயரை மாற்றியதால் முக்கால் டன் வண்டி லாரி ஆகிவிடுமா என்று நான் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில், எட்டு பிளை. கார் டயரை வைத்துக்கொண்டு செத்திருக்க வேண்டியவர், இப்போது நல்ல டயரை வைத்துக்கொண்டு சாகப் பார்க்கிறார். நான்தானே மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தேன் என்று எனக்குத் தூக்கம் போனது.

அடுத்த பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் ஒரு அன்னதானக் குழுவுக்குப் பாத்திரம் போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள், அதனால் காலையிலேயே ஏற்றினோம். பெரிய அண்டாக்கள், இரும்பு அடுப்புகள், சிலிண்டர்கள், தண்ணீர் டிரம் என்று அரை டன்னுக்குக் குறையாது. தார்ப்பாயைக் கட்டப் போகும் நேரம் குழுத் தலைவர் வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு டிராக்டர். அதில் இருபது சிப்பம் அரிசி. சிப்பம் ஒன்று இருபத்தைந்து கிலோ.

"வழிதானே. டிராக்டருக்கு வேற வேலை இருக்கு, அப்படியே இதையும் போட்டுக்குங்க" என்றார்.

எங்கள் ஊரில் இந்த அப்படியே என்ற சொல்லுக்கு எடை கிடையாது. அப்படியே ஒரு பீரோ, அப்படியே நாலு ஆள், அப்படியே ஒரு கன்றுக்குட்டி. புண்ணிய காரியம் என்றால் கேட்கவே வேண்டாம், அன்னதான அரிசி கனக்காது என்று எல்லாரும் நம்புகிறார்கள். நான் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சக்கரத்தைத் தட்டிக்கொண்டே, ஏற்றுங்கள், எட்டு பிளை என்றார். சிப்பங்கள் ஏறின. பத்தைத் தாண்டும்போதே வண்டியின் பின்புறம் தாழ்ந்து, பட்டை வளைவு நிமிர்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. இருபதும் ஏறியதும் அவர் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு பளபளவென்று தெரிந்தது.

எனக்கு என்ன தோன்றியதோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறிவிட்டேன். அரிசிச் சிப்பத்தின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். குழுத் தலைவர் வாயைப் பிளந்தார். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் இறங்க மனசு வரவில்லை.

அவர் இறங்கி வந்து பார்த்தார். "ஏய், எறங்கு. என்ன கூத்து இது?"

"தாங்கும்னு சொல்றீங்களே. என்னையும் சேத்துத் தாங்கட்டும். வெடிச்சா ரெண்டு பேரும் போவோம், எனக்கு மறுபடியும் வாசல்ல உக்காந்து டயர் படிக்கிற வேலை மிச்சம்."

அவர் வண்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பேச்சைச் சிரிப்பாக்கிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நீ எவ்வளவு இருப்பாய் என்று கேட்டார்.

"எழுபத்தொண்ணு. ஆஸ்பத்திரியில பாத்தது. கூட்டிக்குங்க."

உதடு அசைந்தது. ஏழும் ஒன்றும். கூட்டத்தில் எண் தெரிந்த யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. அவர் பின்கதவின் கொக்கியைத் தட்டிவிட்டு, ஒரு சிப்பத்தைத் தோளில் தூக்கி இறக்கினார். அப்புறம் இன்னொன்று. குழுத் தலைவர் நேரமாகிறது, ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று சத்தம் போட்டார். ரெண்டு நடையாகக் கொண்டுவருகிறேன், இஷ்டம் இருந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் டிராக்டரிலேயே அனுப்புங்கள் என்று இவர் சொன்னார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரிடம் இவர் முடியாது என்று சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பாத்திரம் முதல் நடையில் போனது. அரிசிக்குப் போன இரண்டாம் நடையில் நான் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன். பாதையில் சீக்கிரமே கிளம்பிவிட்ட சனங்கள் வெறுங்காலோடு மலையைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக ஓட்டினார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அன்னிக்கு ஜோசியர் கடை பூட்டியிருந்துச்சு."

"என்னிக்கு?"

"உன் பேரைக் கூட்டப் போனேனே, அன்னிக்கு. எங்கம்மா வேணாம்னுட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. நானே பேப்பர் வாங்கி ஒரு எச்சு போட்டு எழுதிக்கினு வந்தேன். யாரும் கூட்டிப் பாக்கல."

எத்தனை கவுன்ட்டர், எத்தனை விளக்கம். சந்தனம் அப்பும் புத்தி பாய் சொல்லி வந்தது என்று நினைத்திருந்தேன். அதை இவர் என் மேல் எப்போதோ அப்பியிருக்கிறார்.

"அப்போ நான் இன்னும் எட்டுதானா?"

"எட்டுதான்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எட்டுதானே தாங்கிக்கினு வருது" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை டயர் கடையிலேயே சொல்லியிருந்தால் நான் அந்தக் கிரீஸ் தரையில் குந்தியிருக்கவேண்டாம். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். முன்னால் பார்த்து ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன்.